இரண்டு ஜிபியின் ஆயுள்

ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி, வால்பாறைக்கும் இந்த விளையாட்டு வந்துவிட்டது. ஆட்டம் நடப்பது எங்கோ ஒரு நகரத்து இயந்திரத்தில். படம் மட்டும் நம் செல்போனுக்கு ஓடி வருகிறது. கூகிள்காரர்கள் 2019-ல் 'ஸ்டேடியா' என்று தொடங்கி, 2023 ஜனவரியில் மூடியும் விட்டார்கள். மற்றவர்கள் விடவில்லை.

வினாடிக்கு 10 மெகாபிட் என்றால் மணிக்கு நாலரை ஜிபி. நாளைக்கு 2 ஜிபி தரும் ரீசார்ஜ் இருபத்தேழு நிமிஷத்தில் காலி! சினிமாவானால் கொஞ்சம் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு ஓட்டலாம். இங்கே பையன் பொத்தானை அழுத்திய பிறகுதான் அடுத்த படமே பிறக்கிறது. ஒளியைக் குறை சொல்லிப் பயனில்லை. கண்ணாடி இழையில் ஆயிரம் கிலோமீட்டர் போய்த் திரும்ப அதற்கு வினாடியில் நூறில் ஒரு பங்கு போதும். டவரில் வரிசை நிற்பதில்தான் தாமதம்.

எஸ்டேட் லைன் வீடுகளில் பல குடும்பங்களுக்கு ஒரே போன். எனக்குத் தெரிந்த வீட்டில், பையன் ஆறு மணிக்கு ஆட உட்கார்ந்தால், ஏழு மணிக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து கூப்பிடும் மகளின் குரல்தான் வரும், முகம் வராது.

"இன்னும் ஒரே ஆட்டம், அம்மா!"

கொழுந்து பறித்துவிட்டு வந்தவள் பேசாமல் போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் அவள் கட்சி.