சுழியோடியின் சுமை

திருகோணமலைக் கோணேசர் மலையடியிற் கடலுள், போர்த்துக்கேயர் இடித்த பழங்கோயிலின் தூண்கள் கிடப்பதை ஆர்தர் கிளார்க்கும் மைக் வில்சனும் 1956இல் மூழ்கிக் கண்டனர். அவற்றைக் காணும் ஆவல் நம் மாணவர்க்கும் உண்டு. “ஈயத்தைக் கூடக் கட்டினால் சுகமாக இறங்கலாந்தானே, சேர்?” என்றார் ஒருவர். “இறங்கலாம் தம்பி, ஏறுவதெப்படி?” என்றோம்.

மன்னாரில் முத்துக்குளித்தோர் கயிற்றிற் கட்டிய கல்லில் கால்வைத்து விரைந்து இறங்கினர். தரை தொட்டதும் கல்லை விட்டனர். தோணியில் நின்றவர் அதை இழுத்துக்கொண்டார். இன்றைய சுழியோடியோ சுமையை உடலோடு பிணைத்துக்கொள்கிறார். சிலிண்டரைத் தாங்கும் முதுகுத்தகடு உருக்கானால் அதுவே இரண்டு மூன்று கிலோ. போதாததை இடைவாரில் ஈயக்கட்டிகளாற் சேர்ப்பர்.

எவ்வளவு சேர்ப்பது? பத்து மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இருமடங்கு; இறப்பர் உடை நெரிந்து மிதப்பு குன்றும். மேலே பொருந்திய பாரம் கீழே மிகுதியாகும். சிலிண்டரில் அடைத்த காற்றோ இரண்டு கிலோவுக்கு மேல். அது தீரத்தீர ஆள் இலேசாவார். ஆதலால், காற்று ஏறக்குறைய தீர்ந்த நிலையில், ஐந்து மீற்றரில் அசையாது தரித்து நிற்கப் போதிய பாரமே அளவு. மிஞ்சினால் ஓயாது காலுதைக்க வேண்டும்; காற்றும் விரைந்து தீரும்.

பாரம் முழுவதையும் தகட்டிலேயே ஏற்றுவதும் நமக்கு உடன்பாடன்று. ஆபத்தில் இடைவாரை ஒற்றைக் கையாற் கழற்றி எறியலாம். தகட்டை எறிந்தால் மூச்சுக்காற்றும் அதனுடன் போய்விடும்.