கழுவிவிட்ட நீர் எங்கே போகிறது?

ஒருவர் ஒரு நாளில் 225 லிட்டர் கழிவுநீரை வெளியேற்றுவார். ஒரு வீட்டில் ஐவர் இருப்பர். மலேசியாவில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை வடிவமைக்கும் பொறியாளர்கள் இப்படித்தான் கணக்கிடுகிறார்கள். பங்சாரில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் 120 வீடுகள் உள்ளன. அந்தக் கணக்குப்படி, நாள்தோறும் 135,000 லிட்டர் கழிவுநீரை நாங்கள் வெளியேற்றுகிறோம். குளித்த நீர், துணி துவைத்த நீர், பாத்திரம் கழுவிய நீர், கழிவறை நீர் அனைத்தும் இதில் அடங்கும். குழாயை மூடியதும் அந்த நீரை நாம் மறந்துவிடுகிறோம். ஆனால், அது மறைந்துவிடுவதில்லை.

நம் நாட்டின் பெரும்பாலான பகுதிகளில், 1994ஆம் ஆண்டு முதல் இண்டா வாட்டர் நிறுவனம் பொதுக் கழிவுநீர்ச் சேவையைக் கவனித்து வருகிறது. பங்சாருக்கு அருகில் உள்ள பந்தாய் டாலாமில் நிலத்துக்கு அடியிலேயே ஒரு பெரிய சுத்திகரிப்பு நிலையம் இயங்குகிறது. ஏறத்தாழ 1.4 மில்லியன் மக்களின் கழிவுநீரை ஏற்கும் அளவுக்கு அது கட்டப்பட்டுள்ளது. அதன் மேற்பரப்பில் பூங்கா இருக்கிறது. அங்கு மாலையில் ஓடி விளையாடும் சிறுவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் காலடியில் நடக்கும் வேலை தெரியும்?

அந்தப் பெரிய குழாய்த் தொடரில் இணையாத குடியிருப்புகளும் உண்டு. எங்கள் அடுக்குமாடி அத்தகையது. வாகன நிறுத்துமிடத்தின் பின்புறம் வேலியிட்ட சிறு நிலையம் ஒன்று எங்களுக்கு உள்ளது. அதைப் பராமரிக்கும் செலவும் பொறுப்பும் எங்களுடையவை. அன்றாட வேலைகளைப் பெரியவர் ஒருவர் கவனித்துக்கொள்கிறார்.

அந்நிலையத்தின் வேலை முறை எளிமையானது. முதலில் கம்பி வடிகட்டி குப்பைகளைத் தடுக்கிறது. பிறகு, நீர் காற்றூட்டத் தொட்டிக்குள் செல்கிறது. அங்கே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் கழிவை உணவாக உட்கொள்கின்றன. அவை உயிர்வாழ்வதற்காக, இயந்திரம் ஒன்று நீருக்குள் இடைவிடாமல் காற்றை ஊதுகிறது. அடுத்த தொட்டியில் நுண்ணுயிர்கள் சேறாக அடியில் படிய, தெளிந்த நீர் மேலே நிற்கிறது. படிந்த சேற்றின் ஒரு பகுதி மீண்டும் காற்றூட்டத் தொட்டிக்கே அனுப்பப்படுகிறது. மிஞ்சியது லாரியில் அகற்றப்படுகிறது. இம்முறையை 1914ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரைச் சேர்ந்த ஆர்டெர்ன், லாக்கெட் என்னும் இருவர் உலகுக்கு அறிவித்தனர்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, குடியிருப்பாளர் கூட்டத்தில் மின்கட்டணத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தது. நிலையத்தின் மின்செலவில் பெரும்பங்கு காற்றூதும் இயந்திரத்துக்கே போனது. “இரவில் எல்லாரும் தூங்குகிறோம். அப்போது அதை நிறுத்திவைத்தால் என்ன?” என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பராமரிப்புக் கட்டணம் உயர்ந்தால், ஓய்வூதியத்தை மட்டும் நம்பியிருக்கும் முதியோர் என்ன செய்வர்?

பெரியவர் எழுந்து, “சாப்பாடு இல்லாவிட்டால் ஓர் உயிர் சில நாள் தாங்கும் ஐயா. மூச்சை நிறுத்தினால் தாங்குமா?” என்று மட்டும் கேட்டார். அவருடைய சொல் எடுபடவில்லை. இயந்திரத்தை இரவில் நிறுத்துவதென முடிவாயிற்று.

சில வாரங்களில் தொட்டியின் பழுப்பு நிறம் கறுப்பாக மாறியது. அழுகிய முட்டை நாற்றம் மூன்றாம் மாடி வரை ஏறியது. நுண்ணுயிர்கள் மடிந்ததால், கலங்கிய நீர் அப்படியே வாய்க்காலில் கலந்தது. வேறொரு நிலையத்திலிருந்து நல்ல சேற்றைக் கொண்டுவந்து ஊற்றி, தொட்டியை மீட்டெடுக்கப் பல வாரங்கள் பிடித்தன. சேமித்த பணத்தைவிடச் செலவு மிகுந்தது.

அதன் பிறகுதான் பெரியவரிடம் எல்லாரும் யோசனை கேட்டனர். அவர் கசிந்துகொண்டிருந்த காற்றுக்குழாயைக் காட்டினார். அடைபட்டிருந்த காற்றுத் துளைகளையும் காட்டினார். அவற்றைச் சரிசெய்ததும், இயந்திரத்தை நிறுத்தாமலேயே மின்கட்டணம் குறைந்தது.

இன்னொன்றையும் அவர் சொன்னார். தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் பெருநாள் என எந்தப் பண்டிகை முடிந்தாலும் குழாய்கள் அடைத்துக்கொள்ளும். முறுக்கும் பலகாரமும் சுட்டு மிஞ்சிய எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றுவதே காரணம். எண்ணெய் குழாய்க்குள் குளிர்ந்து கட்டியாகிறது. கழிவறையில் போடும் ஈரத்தாள்கள் அதில் சிக்கிக்கொள்கின்றன. இப்போது எங்கள் மின்தூக்கியின் அருகில் ஒரு கலன் இருக்கிறது. பழைய எண்ணெயைப் புட்டியில் அடைத்து அதில் வைக்கிறோம். நிலையத்தை நிர்வகிப்பது ஒருவரின் வேலை அன்று; 120 சமையலறைகளின் வேலை என்பதை அந்தக் கலன் எங்களுக்குக் கற்றுத் தந்தது.

ஒரு காலத்தில் கோலாலம்பூரில் வாளிக் கழிப்பறைகள் இருந்தன. நகரின் துப்புரவுப் பணிகளில் தமிழர் பலர் உழைத்தனர். அவர்கள் நகரை நோயிலிருந்து காத்தார்கள். ஆனால், தங்கள் வேலையை வெளியில் சொல்லத் தயங்கினார்கள். வாளி போய் இயந்திரம் வந்துவிட்டது. தயக்கம் மட்டும் போகவில்லை. எங்கள் பெரியவரும் வேலையைப் பற்றிக் கேட்டால், “தண்ணீர் வேலை” என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்.

சென்ற பள்ளி விடுமுறையில், குடியிருப்புப் பிள்ளைகளுக்கு நிலையத்தைச் சுற்றிக்காட்டும்படி அவரைக் கேட்டுக்கொண்டோம். அவர் ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவையில் பழுப்பு நீரை நிரப்பி, மேசைமேல் வைத்தார். முப்பது நிமிடங்களில் சேறு கீழே இறங்கியது. மேலே தெளிந்த நீர் நின்றது. “தினமும் காலையில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். சேறு நன்றாகப் படிந்தால் தொட்டி நலமாக இருக்கிறது என்று பொருள்” என்றார்.

“இந்த நீர் கடைசியில் எங்கே போகும், தாத்தா?” என்று ஒரு சிறுமி கேட்டாள்.

“வாய்க்காலுக்குப் போகும் அம்மா. அங்கிருந்து கிள்ளான் ஆறு. பிறகு மலாக்கா நீரிணை. அதற்கு முன்னால் என்னிடம் வந்துவிட்டுத்தான் போகும்” என்றார் பெரியவர். அந்தக் குரலில் தயக்கம் இல்லை.