முன்பாக்கி

நான் பிறந்த வீட்டுக்குள் வெங்காயம் வராது. மேல்சித்தாமூரில் எங்களை நயினார் வீட்டுக்காரர்கள் என்பார்கள். தமிழ்ச் சமணக் குடும்பம். மண்ணுக்கு அடியில் விளைவதை அம்மா தொடமாட்டாள். பொழுது சாய்ந்துவிட்டால் எங்கள் வீட்டில் சாப்பாடு இல்லை. அந்த வீட்டிலிருந்து போன நான் பதினேழு வருஷம் கோயம்பேட்டில் ஒரு வெங்காய மண்டியில் கணக்கெழுதினேன். வயிற்றுப்பாடுதான், வேறென்ன. தேருக்கு ஊருக்கு வரும்போதெல்லாம், திண்டிவனத்தில் பஸ் மாறும்போதே சட்டைக் கையை முகர்ந்து பார்த்துக்கொள்வேன். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது அந்த வாடை. அம்மா ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். வாசலில் ஒரு குடம் தண்ணீரும் துவைத்த வேட்டியும் வைத்திருப்பாள்.

கோயம்பேட்டைப் பகலில் பார்த்தவர்களுக்கு அது பாதிதான் தெரியும். நடுராத்திரிக்கு மேல் நாசிக் லாரிகள் வந்து நிற்கும். தார்ப்பாயை அவிழ்த்ததும் ஒரு சூடான காற்று முகத்தில் அடிக்கும். மூன்று நாள் மூடிக்கிடந்த வெங்காயத்தின் மூச்சு அது. கொக்கி கோணியில் இறங்கும்போது ‘சரக்’கென்று ஒரு சத்தம். ஐம்பது கிலோ மூட்டை முதுகில் ஏறும்போது ஓர் ஆள் அடிவயிற்றிலிருந்து விடும் ‘ஹ்ம்’. இந்த இரண்டு சத்தமும் இன்றைக்கும் அரைத் தூக்கத்தில் எனக்குக் கேட்கிறது. மூட்டை தூக்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கள் பக்கத்துக்காரர்கள். விழுப்புரம், கடலூர், அரியலூர். மழை பொய்த்த வருஷங்களில் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தவர்கள். மண்டி வாசலிலேயே சாக்கு விரித்துப் படுப்பார்கள்.

அங்கே ஓர் ஆயா இருந்தாள். பெயர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இறக்கும்போது சிந்தும் வெங்காயத்தைப் பொறுக்கி, அழுகலைக் கிள்ளிப் போட்டு, நடைபாதை ஓரத்தில் கூறு கட்டி விற்பாள். கொத்தவால்சாவடியிலும் இதே தொழில்தான். 1996-இல் சந்தையை அங்கிருந்து கிளப்பிக் கோயம்பேட்டுக்குக் கொண்டுவந்தபோது, மூட்டைகளோடு மூட்டையாக அவளும் வந்துவிட்டாள். 295 ஏக்கர் வளாகம் அது. அதில் அவளுக்கு இருந்தது ஒரு கிழிந்த கோணிச்சாக்கு அகலம்.

என்னை “நைனா” என்பாள். சென்னையில் எல்லாப் பிள்ளைகளையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் ஊரில் எங்களை எப்படிச் சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. ஆனால் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வரும்போதெல்லாம் யாரோ ஊரிலிருந்து கூப்பிடுவதுபோல் இருக்கும்.

விடிந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்ப்பாள். “இந்தா நைனா, இருவது ரூவா எழுதிக்கோ.” என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் அவளுடையது. சில நாள் இருபது, சில நாள் பத்து. மழை நாளில் ஒன்றுமில்லை. அதையும் ‘இல்லை’ என்று எழுதச் சொல்வாள். எழுதியதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவாள். படிக்கத் தெரியாது. எதற்குச் சேர்க்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். “எனக்கு எடுத்துப் போட ஆளு வேணாமா?” என்றாள்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. நாடே படுத்தபோதும் கோயம்பேடு படுக்கவில்லை. ஊருக்குக் காய் வேண்டுமே. ஏப்ரல் 24 அன்று அறிவிப்பு வந்தது: 26 முதல் நான்கு நாள் சென்னையில் முழு ஊரடங்கு. மறுநாள் 25. அந்தக் காலையை எப்படிச் சொல்வது? விடிவதற்குள் வழியெல்லாம் அடைந்துவிட்டது, தோளோடு தோள், மூச்சோடு மூச்சு, முகக்கவசம் கழுத்தில், ஒருவர் கையில் இருந்த பையை இன்னொருவர் இழுக்கிறார், நோட்டுகள் தலைக்கு மேல் ஆடுகின்றன, என்னிடம் ஒரே நேரத்தில் பத்துப் பேர் கத்துகிறார்கள், நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன். யார் மேலும் குற்றமில்லை. வீட்டில் பிள்ளைகளுக்கு நான்கு நாள் குழம்பு வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு தினம் ஒரு செய்தி. பூ விற்றவருக்கு. எதிர் வரிசையில் ஒருவருக்கு. எங்கள் மண்டியில் மூட்டை தூக்கும் மரக்காணத்து அண்ணன் இரண்டு நாளாக இருமிக்கொண்டு, “தூசு தம்பி” என்றார். மே 2 ராத்திரி, சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் வெறும் லாரி ஒன்று கிடைத்தது. முதலாளி கணக்கு நோட்டைப் பத்திரமாக வைத்துக்கொள் என்றார். நான் ஆயாவைத் தேடினேன். தேடினேன் என்றா சொல்வது? இரண்டு நடை நடந்தேன், சாக்கு கிடந்தது, அவள் இல்லை, டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார், ஓடிவந்து ஏறிவிட்டேன்.

தார்ப்பாய்க்கு அடியில் மரக்காணத்து அண்ணனோடு பத்துப் பதினைந்து பேர். விளக்கில்லை, பேச்சில்லை. செங்கல்பட்டு, மேல்மருவத்தூர் தாண்டி, ஓங்கூர் ஆற்றுப் பாலத்துக்கு அருகே போலீஸ்காரரின் டார்ச் வெளிச்சம் ஒவ்வொரு முகமாக நின்று போனது. “எங்கிருந்து?” என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் வாடையே சொல்லிவிட்டது.

எங்களைக் கொண்டுபோய் ஒரு கட்டடத்தில் தங்கவைத்தார்கள். மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டு எடுத்துப்போனார்கள். மே 4 மாலை யாரோ போனில் செய்தியைச் சத்தமாக வைத்தார்கள். மாநிலம் முழுக்க அன்று 527 பேருக்குத் தொற்று. சென்னை 266, கடலூர் 122, விழுப்புரம் 49. ‘கோயம்பேடு தொடர்பு’ என்று வாசித்தார்கள். அத்தனை வருஷம் கோயம்பேடு என்றால் எங்கள் ஊரில் வேலை என்று அர்த்தம். அன்றிலிருந்து நோய் என்று அர்த்தம். மறுநாள் சந்தையைப் பூட்டினார்கள். மரக்காணத்து அண்ணனை ஆம்புலன்ஸில் ஏற்றியபோது அவர் சும்மாட்டுத் துண்டை மடித்து என் பக்கம் வைத்துவிட்டுப் போனார். பிழைத்து வந்தார். ஆனால் அவர் தெருவில் அவர் மனைவி குழாயடிக்குப் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்களாம், மாதக்கணக்கில். நாங்கள் சுமந்த காய்தானே அவர்கள் எல்லாருடைய குழம்பிலும் கொதித்தது?

எனக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. வீட்டுக்கு விட்டார்கள். வாசலில் அந்தக் குடம் இருந்தது. அந்த வருஷம் எங்கள் ஊரில் தேர் ஓடவில்லை; பார்சுவநாதர் கோயில் கோபுரத்தடியில் ஈ காக்கை இல்லை. நான் திண்ணையில் தனியாகப் படுத்தேன். பொழுது சாயும் முன் அம்மா தட்டை எட்டத்தில் வைத்துவிட்டு, அங்கேயே தூணோரம் உட்கார்ந்து நான் உண்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்றாம் நாள் நோட்டைப் பிரித்தேன். கடைசிப் பக்கம்: ஆயா, வரவு 3,460.

காய்ச் சந்தையைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட். செப்டம்பர் 28 அன்று கோயம்பேடு மறுபடி திறந்தது; முதல் நாளே போய்விட்டேன். தரையைக் கழுவியிருந்தார்கள். பிளீச்சிங் பவுடர் வாடை. அவள் உட்காரும் இடத்தில் வட்டம் போட்டிருந்தார்கள், ஆள் நிற்க. டீக்கடையில் கேட்டேன், கழிவு வண்டிக்காரர்களிடம் கேட்டேன். “எந்த ஆயா? இங்க எத்தினி ஆயா இருந்துச்சு” என்றார் ஒருவர். வியாபாரிகள் பட்டியல் இருந்தது, கூலியாட்கள் பட்டியல் இருந்தது, தொற்று வந்தவர்கள் பட்டியலும் இருந்தது. பெயரே தெரியாதவளை நான் எதில் தேடுவேன்?

இப்போது நான் ஊரோடு வந்துவிட்டேன். ஒரு நெல் வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். ஏப்ரல் பிறந்ததும் புது நோட்டு. பழைய நோட்டின் பாக்கிகளை முதல் பக்கத்தில் ஏற்றிக்கொண்டுதான் புதுக் கணக்கைத் தொடங்க வேண்டும். எனக்கென்று வைத்திருக்கும் நோட்டில், பிள்ளையார் சுழி போடும் இடத்தில் அம்மா சொல்லிக்கொடுத்த ‘அருகன் துணை’ எழுதி, அதற்குக் கீழே முதல் வரி எழுதுகிறேன்: ஆயா, முன்பாக்கி, 3,460. பணம் ஒரு மஞ்சள் பையில் தனியாக இருக்கிறது. பத்தும் இருபதுமாக, அவள் கொடுத்த அதே நோட்டுகள். பையைத் திறந்தால் இன்னும் வெங்காயம் மணக்கிறது. அந்தப் பையை வீட்டுக்குள் வைக்க அம்மாதான் இடம் கொடுத்தாள்.