தகரப் பெட்டியில் வரலாறு

மன்னர் போரிட்டார், மகுடம் புனைந்தார் என்பது மட்டுந்தான் வரலாறா? குண்டு விழுந்த இரவில் குழந்தையை அணைத்திருந்த தாய் எழுதிய நாலு வரி வரலாறாகாதா?

சோழவரத்துக்குத் தெற்கே புழல்; வடக்கே கும்மிடிப்பூண்டி. 1983 ஜூலைப் படுகொலைக்குப் பின் கடல் கடந்து வந்த ஈழத் தமிழரும் அவர்தம் மக்களும் இவ்விரு ஊர் முகாம்களிலும் இன்றும் வாழ்கின்றனர். அங்கே மூதாட்டி ஒருவரின் தகரப் பெட்டியில் நாம் கண்டது பொன்னன்று, பொருளன்று; யாழ்ப்பாணத்திலிருந்து தங்கை எழுதிய மடல்கள்! வீரமுழக்கம் ஒன்றுமில்லை அவற்றில். 1990க்குப் பின் வந்த பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய்க்கு அலைந்த கதை. மங்கிய விளக்கில் மகன் படித்த பாடம். வெளியே சென்ற கணவர் இன்னும் திரும்பவில்லை என்ற ஒற்றை வரி.

போர் 2009 மே திங்களில் முடிந்ததென்று அரசு அறிக்கை கூறும். அந்தத் தங்கையின் காத்திருப்பு என்று முடிந்தது? எந்த அறிக்கை கூறும்?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) எளிய படைவீரர் எழுதிய மடல்களை அந்நாட்டுக் காங்கிரசு நூலகம் பேணிக் காக்கிறது. நாமோ, ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட பரம்பரை! 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அது வெறியர் மூட்டிய தீ. எஞ்சிய மடல்களைக் கரையான் தின்றால், அது யார் குற்றம்?

தோழர்களே! முகாமில் வாழ்வோரை அணுகுங்கள். இசைவு பெற்றுப் படியெடுங்கள். மூலத்தை உரியவரிடமே ஒப்படையுங்கள். பெயரை மறைக்கச் சொன்னால் மறையுங்கள். ஈழத்து ஆவணங்களை இணையத்தில் தொகுக்கும் 'நூலகம்' போன்ற முயற்சிகளுக்குத் துணை நில்லுங்கள். ஏட்டுக்குப் பொட்டிடுவது பக்தியாகலாம். ஏட்டைக் காப்பதே பகுத்தறிவு!