மொழி தெரியாத திரை

கலஹாவிலிருந்து பேராதனை வழியே கண்டிக்கு இறங்கும் பாதையில் ஓடும் சிறு கார்களுட் பல, யப்பானிலே சில ஆண்டுகள் உழைத்துப் பின் கப்பலேறி வந்தவை. அவற்றின் இயந்திரங்கள் நம் மலையேற்றங்களுக்கு நன்கு பழகிவிட்டன. முகப்பிற் பொருத்திய திரை மட்டும் இன்னும் யப்பானிலேயே வாழ்கின்றது. சாவியைத் திருப்பியதும் அந்நாட்டு மொழியில் வரவேற்கும். தேசப்படத்தைத் திறந்தால் தோக்கியோத் தெருக்கள் விரியும். தெல்தோட்டையை அது அறியாது. வானொலியின் கதையோ இதனினும் விநோதம். யப்பானில் எப்.எம். ஒலிபரப்பு 76 மெகாஹேர்ட்சில் தொடங்குகின்றது. பழைய பெட்டிகள் 90 வரையே ஏற்கும். நம் நிலையங்களோ 87.5 முதல் 108 வரை பரந்துள்ளன. தமிழ்ச் செய்தி கேட்க விரும்புவோர் அலைவரிசையைத் தாழ்த்தித் தரும் சிறு கருவியொன்றை இடையிற் பொருத்துவர். அதன்பின் நிலையத்தார் சொல்லும் எண் ஒன்று, திரை காட்டும் எண் வேறொன்று!

என் வண்டியும் அத்தகையதே. சென்ற மழைக்காலத்தில், இருள் சூழ்ந்த ஒரு வளைவில், திரையிலே நீண்டதொரு வாக்கியம் தோன்றியது. "பிரேக்கில் ஏதும் பிழையோ, அப்பா?" என்றாள் அருகிருந்த மகள். ஒரு பக்கம் பள்ளம். தமிழ் படிப்பித்துச் சம்பளம் பெறும் எனக்கு என் சொந்த வண்டி சொல்வது விளங்கவில்லை. ஓரமாக நிறுத்தி, கைப்பேசியாற் படமெடுத்து மொழிபெயர்த்தோம். தேசப்பட அட்டையைச் செருகுமாறு அது கேட்டிருக்கின்றது, அவ்வளவே!

கைப்பேசியைக் காரின் திரையிற் காட்டும் முறையை அப்பிள் நிறுவனம் 2014 இல் 'கார்பிளே' என்ற பெயரில் வெளியிட்டது. கூகிளின் 'அன்ட்ரொய்ட் ஓட்டோ' 2015 இல் வழக்கிற்கு வந்தது. இதிற் சிந்திக்கும் வேலை கைப்பேசியினுடையது. திரை அதனைக் காட்டி, விரல் தொட்ட இடத்தைத் திருப்பிச் சொல்லும். தேசப்படத்தைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம். அது புதுப்பிக்கப்பட்டுக்கொண்டும் இருக்கும்.

கார் செய்வோர் எல்லோரும் இதனை விரும்புகின்றாரல்லர். தம் புதிய மின்கார்களில் இவ்வசதி இராது என 2023 இல் ஜெனரல் மோட்டோர்ஸ் அறிவித்தது. பற்றரியில் எஞ்சிய மின்னையும், மின்னேற்ற வேண்டிய இடத்தையும் உள்ளமைந்த மென்பொருளே நன்கறியும் என்பது அவர் வாதம். அதில் உண்மை உண்டு. வாடிக்கையாளரைத் தம் கைக்குள் வைத்திருக்கும் ஆசையும் உண்டென்பது என் எண்ணம்.

நம் நிலை வேறு. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 இலேதான் மீண்டும் திறந்தது. ஆகவே பழைய வண்டியே பல குடும்பங்களின் வண்டி. அதனுட் பதித்த மென்பொருளை இங்கு யார் புதுப்பிப்பார்? கைப்பேசியோ சில ஆண்டுகளில் மாறிவிடும். ஆதலாற் பழைய பெட்டியைக் கழற்றிப் புதுத்திரை பூட்டுவதென முடிவு செய்துள்ளேன். பின்பார்வைக் கமெரா பழைய திரையோடு பிணைந்திருப்பதால் விலை சற்றுக் கூடும் என்கிறார் கடைக்காரர்.

ஒன்று சொல்ல வேண்டும். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரப் பக்கம் ஏறும்போது சிக்னல் அறுந்துவிடுகின்றது. அவ்வழி வர எண்ணும் பழைய மாணவ நண்பர்கள் முதல்நாளிரவே தேசப்படத்தை இறக்கி வைத்துக்கொள்வாராக.