மந்திரி காடிக்கு மாற்று தேடி...

எங்கள் தோட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள் என் வண்டிக்கு வைத்த பெயர் ‘மந்திரி காடி’. புரோட்டோன் பெர்டானா வி6. ஒரு காலத்தில் அமைச்சர்களும் பெரிய அதிகாரிகளும் அரசாங்க வண்டியாக வைத்திருந்த ரகம் அது. இரண்டு லிட்டர், ஆறு சிலிண்டர். பள்ளி விட்டு நான் எஞ்சினை முடுக்கினால், அந்த உறுமலைக் கேட்க மூன்றாம் ஆண்டுப் பையன்கள் வேலியோரம் வந்து நிற்பார்கள். இன்னொருவர் ஓட்டிக் கழித்ததைத்தான் வாங்கினேன். என்றாலும் ஒரு தோட்டத்து வாத்தியாருக்கு அது போதாதா, சொல்லுங்கள்!

இப்போது அதற்கு இருபது வயது தாண்டிவிட்டது. தஞ்சோங் மாலிமில் பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனர் ஒருநாள் மூடியைத் திறந்து பார்த்தார்.

“மச்சான், பின்வரிசை பிளக்கு மூணையும் மாத்தணும்னா மேலே இருக்கிறதையெல்லாம் கழட்டணும். டைமிங் பெல்ட்டுக்கும் வேளை வந்தாச்சு. ரப்பர் ஓசு ஒவ்வொண்ணும் கல்லாட்டம் இருக்கு.”

வண்டியைக் குறை சொல்வதற்கில்லை. முதுமை யாரை விட்டது? ஆனால் சாலை வரியே ஆண்டுக்கு 379 வெள்ளி. 1,600 சிசி வண்டி என்றால் 90 வெள்ளியோடு போயிற்று. வீட்டில் கணக்குப் புத்தகம் வைத்திருப்பவள் என் மனைவி. இந்த வித்தியாசத்தை அவள் எனக்கு மனப்பாடமாகவே சொல்லுவாள்.

சரி, மாற்றிவிடலாம் என்று முடிவாயிற்று. எதை வாங்குவது? என் மனத்தில் ஏற்கெனவே ஒன்று உட்கார்ந்திருந்தது. நம் நாட்டு கரம்ஜித் சிங் 2002இல் புரோட்டோன் பெர்ட் வண்டியில் உலக ராலிப் போட்டியின் ஒரு பிரிவில் வாகை சூடிய நாளிலிருந்து பிடித்த பைத்தியம் அது. சத்ரியா நியோ! 2006இல் வெளிவந்த, பக்கத்துக்கு ஒரே கதவுள்ள குட்டி வண்டி. புரோட்டோன் 1996இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியிருந்தது அல்லவா? பந்தயக் கார் செய்த அந்தக் கைகள்தாம் இதன் ஓட்டத்தையும் பதப்படுத்தின. மைத்துனரின் நண்பர் ஒருவர் தம் நியோவை விற்கப் போவதாகச் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எங்களிடம் கொடுத்தார்.

“மலையிலே ஓட்டிப் பாருங்க. அத்தையையும் கூட்டிக்கிட்டுப் போவோம்” என்றாள் மனைவி. அவள் சொன்னதில் ஏதோ உள்ளர்த்தம் இருக்கிறது என்று அப்போதே எனக்குப் பட்டது.

கலும்பாங், கெர்லிங் தாண்டிப் பழைய பெருஞ்சாலையிலேயே கோலகுபு பாருவுக்குப் போனோம். நியோவில் நானும் அம்மாவும். பின்னால் மந்திரி காடியில் மைத்துனரும் மனைவியும். கோலகுபு பாருவில் ரொட்டி சானாய் சாப்பிட்டுப் பசியாறினோம். அழகான சிறு பட்டணம் அது. 1883இல் அணை உடைந்து பழைய ஊரை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அதன் பிறகும் வெள்ளமும் ஈய லம்பத்து மண்ணும் விடாமல் துரத்தவே, 1930ஆம் ஆண்டையொட்டி மேட்டில் புதிதாகத் திட்டமிட்டு ஊர் கட்டினார்கள். பெயரில் ‘பாரு’ வந்தது அதனால்தான்.

ஊரை விட்டு ஏறியதும் சிலாங்கூர் ஆற்று அணையின் ஏரி பச்சையாக விரிகிறது. அதற்கு மேல்தான் என் ஆசைக்கு வேலை. கெப் வரைக்கும் வளைவு, வளைவு, மேலும் வளைவு! ஒரு பக்கம் பாறையும் பன்னச் செடியும், மறுபக்கம் மூங்கில் புதரின் கீழே ஆறு. மூன்றாவது கியரில் போய், வளைவுக்கு முன் இரண்டாவதுக்கு இறக்கி ஸ்டியரிங்கைத் திருப்பினால், நியோ நினைத்த இடத்தில் ஊசி கோத்தாற்போல நுழைகிறது. பின்பக்கம் ஆடவில்லை, சாயவில்லை. பெர்டானா இதே வளைவுகளில் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். பலம் இருக்கும், ஆனால் பட்டுச்சேலை கட்டிய பெரியம்மா மாதிரி ஒரு சாய்வு சாய்ந்துதான் திரும்பும். கண்ணாடியில் பார்த்தேன்; மைத்துனரைக் காணோம். நாற்பது வயதுக்குமேல் ஒரு மனிதன் தனக்குத்தானே சிரித்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்று அம்மா அன்று பார்த்திருப்பார்.

“மெதுவாப் போய்யா” என்றார் ஒரே ஒருமுறை. பிறகு, “இங்கேதானே அந்த வெள்ளைக்காரத் துரையைச் சுட்டாங்க?” என்று கேட்டார்.

ஆம். 1951 அக்டோபர் 6ஆம் தேதி, பிரிட்டிஷ் உயர் ஆணையராக ஆண்ட சர் ஹென்றி கர்னி பிரேசர் மலைக்குப் போகும்போது கொல்லப்பட்டது இந்தச் சாலையில்தான். அவசரகாலத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் சோற்றுப் பொட்டலம்கூடக் கொண்டுபோக முடியாமல் சோதனை நடந்ததைத் தாத்தா சொன்னபடியே அம்மா சொல்லிக்கொண்டு வந்தார். நான் வேகத்தைக் குறைத்துக் கேட்டேன்.

கெப்பில் நின்றோம். குளிர்ந்த காற்று. கால் மணி கழித்து மைத்துனர் வந்து சேர்ந்தார். எஞ்சின் சூட்டு முள் பாதிக்கு மேலே! பல ஆண்டுகளாக ஓசு மாற்றாமல் காலம் கடத்தியது நான்தான். அவர் ஒன்றும் சொல்லாமல் மூடியைத் திறந்து ஆறவிட்டார்.

அந்த நேரத்தில் மனைவி, நியோவின் முன் இருக்கையை மடக்கிவிட்டு, சேலையை இடுக்கிக்கொண்டு பின்னால் நுழைந்தாள். தலை கூரையில் இடித்தது. முழங்கால் வலிக்காரரான அம்மாவும் ஒரு காலை உள்ளே வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

உள்ளேயிருந்தபடியே மனைவி கேட்டாள்: “என்னங்க, இதிலே யாரை ஏத்திக்கிட்டு ராத்திரியிலே சிலிம் ரிவர் ஆஸ்பத்திரிக்குப் போவீங்க?”

எனக்கு வாயடைத்துப் போயிற்று. முன்பெல்லாம் தோட்டத்திலேயே ஆஸ்பத்திரி இருந்தது, டிரசர் இருந்தார். எங்கள் தோட்டத்தில் இப்போது மிஞ்சியிருப்பது சில குடும்பங்கள்தான். பலரிடம் மோட்டார் சைக்கிள் மட்டும் உண்டு. நடு இரவில் கதவு தட்டினால், யார் வீட்டு விஷயம் என்று கேட்காமலே சாவியை எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். மூன்றாவது லயத்துப் பெண்ணைப் பிரசவ வலியில் மந்திரி காடியின் பின் இருக்கையில் படுக்க வைத்து, ஒரு கதவு வழியாக அவள் மாமியாரும் மறு கதவு வழியாக என் மனைவியும் ஏறிப்போன அந்த மழை இரவு கண்ணில் வந்து நின்றது.

நியோவை அன்று மாலையே திருப்பிக் கொடுத்தேன். கொஞ்சம் வலித்தது என்பதை மறைப்பானேன்?

பிறகு ரவாங் பக்கம் மூன்று சனிக்கிழமை அலைந்தோம். பெரோடுவா மைவி 1.5 சிக்கனம்தான், குறும்பும் உண்டு. நெடுஞ்சாலையில் நம்மைப் பின்னாலிருந்து விளக்கடித்து விரட்டுவது எப்போதும் ஒரு மைவிதானே! ஆனால் என் உறுமல் ஆசைக்கு அது எட்டவில்லை. கடைசியில் பழைய சுப்ரிமா எஸ் ஒன்று கண்ணில் பட்டது. 2013இல் வெளிவந்த ரகம். பக்கத்துக்கு இரண்டு கதவு, 1.6 லிட்டர் டர்போ, 138 குதிரைச் சக்தி. பெர்டானாவைவிடச் சக்தி சற்றுக் குறைவு. ஆனால் 2,000 சுற்றிலேயே முழு இழுவையும் வந்துவிடுவதால் மேட்டில் காலை மிதித்த மறுகணம் நகர்கிறது. கிளட்ச் இல்லாதது மட்டும் என் இடது காலுக்கு வருத்தம். சாலை வரி 90 வெள்ளி. மனைவி முகத்தில் வெளிச்சம்.

மைத்துனர் கீழே குனிந்து, டயர் ஓரத்திலுள்ள நான்கு இலக்க எண்ணைப் படித்தார். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். நான்கு டயரிலும் ஒரே மாதிரி. மூடியின் திருகாணிகளில் சாயம் கீறியிருக்கிறதா என்றும் பார்த்தார். கீறினால் மூடியைக் கழற்றியிருக்கிறார்கள் என்று பொருளாம். அம்மாவின் சோதனை வேறு. பின் கதவைத் திறந்து உள்ளே போனவர், இருக்கையில் காலை மடக்கி நீளமாகப் படுத்தே பார்த்துவிட்டார்! விற்பனைக்காரப் பையன் திகைத்து நின்றான்.

“இடம் பத்தும்” என்றார் அம்மா, எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டே.

புஸ்பாகோம் சோதனை முடிந்து பெயர் மாறி, வண்டி வந்து ஒரு மாதமாகிறது. மந்திரி காடி மைத்துனரின் பட்டறையில் நிற்கிறது. ஓசெல்லாம் மாற்றித் தாமே வைத்துக்கொள்ளப் போகிறாராம். புதியதற்குப் பிள்ளைகள் இன்னும் பெயர் வைக்கவில்லை.