பின்வரிசை பாடாத ஞாயிறு



சில வாரங்களுக்கு முன் ஆராதனையில் திரையில் பாட்டு வராமல் எல்லோரும் புத்தகம் தேடினோமே, நினைவிருக்கிறதா? புரொஜெக்டர் பழுது என்று யாரோ சொன்னார்கள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். புரொஜெக்டர் நன்றாகத்தான் இருந்தது. கெடுத்தது நான்.

சபையின் பழைய லேப்டாப்பில் இருப்பது டெபியன் என்ற லினக்ஸ். பாட்டு காட்டும் சின்ன புரோகிராமை நம் வாலிபர் ஐக்கியத்துத் தம்பி ஒருவர் பைத்தானில் எழுதினார். மேலே தமிழ் வரி, கீழே அதே வரி ஆங்கில எழுத்தில். இங்கே பிறந்த பிள்ளைகள் பலருக்குத் தமிழ் கேட்டால் புரியும், வாசிக்க வராது. அந்தக் கீழ் வரியை வைத்துத்தான் பாடுகிறார்கள். தம்பி படிப்புக்காக வேறு ஊர் போனபோது லேப்டாப் என் கைக்கு வந்தது. நான் நர்ஸ், கம்ப்யூட்டர் படித்தவள் அல்ல. "வாரம் ஒருமுறை ஆப்ட் அப்டேட், ஆப்ட் அப்கிரேட் கொடுங்க அக்கா, போதும்" என்றார். அதுவரை போதுமாகத்தான் இருந்தது.

டெபியன் பதிப்புகளுக்கு 'டாய் ஸ்டோரி' படப் பாத்திரங்களின் பெயரை வைப்பார்கள். எங்களிடம் இருந்தது 2021இல் வந்த 11, பெயர் புல்ஸ்ஐ. அதற்கு வயதாகிவிட்டதே என்று 2023இல் வந்த 12க்கு, அதாவது புக்வார்முக்கு, மாற்றத் துணிந்தேன். அதுவும் சனிக்கிழமை இரவில். "வேறு நாளே கிடைக்கவில்லையா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி.

பட்டியலில் புல்ஸ்ஐ என்று இருந்த இடமெல்லாம் புக்வார்ம் என்று மாற்றி, ஃபுல்-அப்கிரேட் கொடுத்தேன். நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள் இறங்கின. நடுநடுவே கேள்விகள்: இந்த ஃபைலை நீ மாற்றியிருக்கிறாய், பழையது வேண்டுமா, புதியது வேண்டுமா? நான் எதை மாற்றினேன்? ஒன்றும் புரியாமல் என்டர் தட்டிக்கொண்டே போனேன். கடைசியில், இனி தேவைப்படாதவற்றை ஆட்டோரிமூவ் கொடுத்து நீக்கலாம் என்றது. கொடுத்தேன். நீண்ட பட்டியல், கீழே "தொடரலாமா?" வாசிக்காமல் ஒய் தட்டினேன். அந்தப் பட்டியலில் பைத்தான் 3.9 இருந்தது.

புரோகிராமைத் திறந்தால், தேவையான மாட்யூல் இல்லை என்கிறது. விஷயம் இதுதான். 11இல் இருந்தது பைத்தான் 3.9, 12இல் 3.11. தம்பி பிப் மூலம் போட்டிருந்த மாட்யூல்கள் 3.9இன் ஃபோல்டரில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் 3.11 அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்காது. பார்க்கக்கூடிய 3.9ஐ நானே வெளியே அனுப்பிவிட்டேன். சரி, பிப்பில் மறுபடி போடலாம் என்றால், இது சிஸ்டத்தின் பொறுப்பில் உள்ள பைத்தான், தொடவிடமாட்டேன் என்றது. மீறிப் போட ஒரு வழியும் சொன்னது: பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ் என்று சேர்த்துக் கொடுக்க வேண்டுமாம். "சிஸ்டத்தை உடை" என்று பெயரிலேயே எழுதியிருக்கிறது! மணி ஒன்றரை. லேப்டாப்பை மூடிவிட்டேன்.

ஐசியுவிலிருந்து வார்டுக்கு ஒரு நோயாளி மாறும்போது பழைய மருந்துச் சீட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்ப்போம். மருந்து விட்டுப்போவது அங்கேதான். வாசிக்காமல் கையெழுத்துப் போட்ட ஜூனியர்களை நான் கடிந்துகொண்டதும் உண்டு.

காலையில் பெரியவர்கள் கீர்த்தனைப் புத்தகத்தைப் பார்த்துச் சத்தமாகவே பாடினார்கள். பின்வரிசை மட்டும் மௌனம். ஓய்வுநாள் பள்ளிச் சிறுமி ஒருத்தி புத்தகத்தை விரித்துப் பிடித்திருந்தாள், வேறு பாட்டில். என்னைத் திரும்பிப் பார்த்து, "ஆன்ட்டி, எங்க லைன் எங்கே?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

திங்கட்கிழமை தம்பிக்குப் போன் செய்தேன். முதல் கேள்வியே, "லிஸ்ட்டை வாசிச்சீங்களா அக்கா?" பிறகு, எந்தெந்த மாட்யூல் என்று தானும் எங்கும் எழுதி வைக்கவில்லையே என்று வருத்தப்பட்டார். வென்வ் என்று, அந்தப் புரோகிராமுக்கு மட்டும் தனி அறை மாதிரி ஒன்று உருவாக்கச் சொல்லி, மாட்யூல்களை ஒவ்வொன்றாக அதற்குள் போட வைத்தார். அரை மணி நேரத்தில் கீழ் வரி வந்துவிட்டது. மாட்யூல்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி லேப்டாப் மூடியில் ஒட்டியிருக்கிறேன். பாட்டுகளின் நகல் பென் டிரைவில் இருக்கிறது.

2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்துவிட்டது. அதில் பைத்தான் 3.13, ஆகவே அந்தத் தனி அறையை மறுபடி கட்ட வேண்டும். தம்பி லீவுக்கு வருகிறாராம். ஒரு செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறேன்.